இதயம் தாளம் தப்பும்போது

நெஞ்சு திக்கென்றது, பக்கென்றது, படபடத்தது, ஒரு நொடி நின்றே போயிற்று என்றெல்லாம் நாம் சொல்கிறோம். அச்சத்தையும் திகைப்பையும் உணர்த்தும் வழக்குகளாகவே இவை நமக்குப் பழகிவிட்டன. ஆனால் சிலருக்கு இவை வழக்குகள் அல்ல. தமக்குள் நடப்பதை நடந்தவாறே அவர்கள் சொல்கிறார்கள்.

என் தமக்கையார் அத்தகையவர். முப்பது வயதை நெருங்கும் காலத்தில், நெஞ்சுக்குள் ஒரு புறா அகப்பட்டுக்கொண்டு சிறகடிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். எங்கள் கடற்கரை ஊரிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். போய்ச் சேர்வதற்குள் புறா அடங்கிவிடும். எடுத்த இ.சி.ஜி. படம் ஒழுங்காக இருக்கும். மூன்றாம் முறை சென்றபோது, அங்கிருந்த மருத்துவர் படத்தை மடித்துத் தந்து, இதயத்தில் ஒன்றுமில்லை, மனத்தில்தான் ஏதோ கவலை என்றார். அக்கா அதன்பின் புறாவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். அவருடைய கதையைப் பின்னால் சொல்கிறேன். இதயம் தாளம் தப்புவதை மனிதர்கள் எவ்வாறு கண்டறிந்தார்கள் என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த நாளில்தான். மருத்துவருடைய கருவி ஒன்றைச் சொல்ல, நோயாளியின் வாய் வேறொன்றைச் சொல்லும் இடங்கள் அவ்வரலாற்றில் பலமுறை குறுக்கிட்டன.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கும் கலை மிகவும் தொன்மையானது. நம் சித்த மருத்துவர்கள் மூன்று விரல்களால் வாதம், பித்தம், ஐயம் என மூன்று நாடிகளைப் பிரித்தறிந்தனர். வாத நாடிக்கு அன்னத்தின் நடையையும், பித்த நாடிக்கு ஆமையின் நடையையும், ஐய நாடிக்குத் தவளையின் நடையையும் ஒப்புமை கூறினர். கடல் கடந்த கிரேக்க மருத்துவத்திலும் இதே போக்கு இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த காலென் எறும்பு ஊர்வது போன்ற நாடி, மான் துள்ளுவது போன்ற நாடி என்று எழுதிவைத்தார். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோஃபிலஸ் நீர்க்கடிகாரம் வைத்து நாடியை எண்ணியதாகச் சொல்வர். விரலுக்கு எட்டியதையெல்லாம் இவர்கள் நுட்பமாகவே கண்டார்கள். ஆனால் அந்த நடை ஏன் மாறுகிறது என்பதை விரலால் அறிய இயலாது.

1628இல் வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தை விளக்கிய நூலில் ஒரு காட்சியைப் பதிவு செய்தார். இறந்துகொண்டிருக்கும் விலங்கின் மார்பைத் திறந்து பார்த்தபோது, இதயத்தின் மற்றப் பகுதிகள் ஓய்ந்த பின்னும் வலது மேலறை கடைசிவரை துடித்தது. அத்துடிப்பும் நின்றபின் அங்கே ஒரு மெல்லிய நடுக்கம் மட்டும் எஞ்சியது. அந்த நடுக்கம் என்னவென்று அறிய மேலும் இருநூற்றெண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. ஹார்விக்குப்பின் 1664இல் நிக்கோலஸ் ஸ்டீனோ என்னும் டேனிஷ் அறிஞர், இதயம் ஆன்மாவின் அடுப்பும் அன்று, உயிர்வெப்பத்தின் ஊற்றும் அன்று, அது ஒரு தசையே என்று எழுதினார். இந்த ஸ்டீனோ பின்னர் கத்தோலிக்கரானார், குருவானார், 1677இல் ஆயரும் ஆனார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். இதயம் வெறும் தசை என்று சொன்னவரே ஆயராகவும் விளங்கியதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

தசை என்றால் அதை இயக்குவது எது? தாளத்தைத் தட்டித் தருவது நரம்பா, தசையேதானா என்ற வழக்கு நீண்ட காலம் நடந்தது. அதன் நடுவே 1827இல் டப்ளின் நகர மருத்துவர் இராபர்ட் ஆடம்ஸ் ஒரு நோயாளியின் கதையை வெளியிட்டார். அவர் 68 வயதான வருவாய்த்துறை அலுவலர். ஏழு ஆண்டுகளில் இருபது முறைக்குக் குறையாமல் மயங்கி விழுந்தவர். நாடியோ நிமிடத்துக்கு 30 மட்டுமே. மூளையில் ஏற்பட்ட தாக்குதலே மயக்கத்துக்குக் காரணம் என்று கருதுவது அக்கால வழக்கம். ஆடம்ஸோ, மூளை விழுவதற்குக் காரணம் இதயத்தில் இருக்கிறது என்று எழுதினார். 1846இல் அதே நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸும் இதனை விரிவாக எழுதவே, இந்நோய் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

தாளத்தின் பாதை துலங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் நுண்ணிய தசைக்கற்றை ஒன்றை 1893இல் இளைய வில்லெம் ஹிஸ் கண்டிருந்தார். ஜப்பானிலிருந்து ஜெர்மனியின் மார்பர்க் நகருக்குப் படிக்கச் சென்ற சுனாவோ தவாரா, அக்கற்றையின் தலைப்பில் உள்ள முடிச்சை 1906இல் விவரித்தார். அதே ஆண்டின் கோடையில், இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கிராமம் ஒன்றில் ஆர்தர் கீத் என்னும் உடற்கூற்று அறிஞர் மனைவியோடு மிதிவண்டியில் உலவிவிட்டு வீடு திரும்பினார். மார்ட்டின் ஃப்ளாக் என்னும் அவருடைய மாணவர் நுண்ணோக்கியின் முன் பரபரப்போடு காத்திருந்தார். மண்ணுக்கடியில் வாழும் துன்னெலியின் இதயத்தை நுண்ணிய சீவல்களாக அறுத்துப் பார்த்தபோது, வலது மேலறையின் வாயிலில் தவாரா விவரித்தது போன்ற இன்னொரு முடிச்சு தென்பட்டிருந்தது. தாளம் பிறக்கும் இடம் அதுவே. அங்கு எழும் மின்னலை மேலறைகளில் பரவி, தவாராவின் முடிச்சில் சற்றே தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. நலமுள்ள மனிதரில் இது ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை நடக்கிறது.

பாதை தெரிந்துவிட்டது. பாதை தவறுவதைக் கண்டவரோ எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர் அல்லர். ஜேம்ஸ் மெக்கன்சி என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1879 முதல் வட இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் நெசவாலை நகரில் பொது மருத்துவராக இருந்தார். இதய நோயுள்ள இளம்பெண் ஒருத்தி பிள்ளைப்பேற்றின்போது தம் கண்முன்னே இறந்ததை அவரால் மறக்க இயலவில்லை. அந்த ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடாதா என்ற கேள்வியே அவரை ஆராய்ச்சிக்குள் தள்ளியது. அருகிலிருந்த சிற்றூரின் கடிகாரத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு, மணிக்கட்டின் நாடியையும் கழுத்து நரம்பின் அசைவையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரையும் கருவியைச் செய்துகொண்டார். கழுத்தின் அசைவு மேலறையின் வேலையைக் காட்டும். மணிக்கட்டு கீழறையின் வேலையைக் காட்டும்.

பல ஆண்டுகளாகத் தாம் பார்த்துவந்த ஒரு பெண்ணின் நாடி 1898இல் முழுதும் ஒழுங்கற்றுப் போனதை மெக்கன்சி கண்டார். அவருக்கு இளமையில் மூட்டுகளை வீங்கச்செய்து இதய வால்வைச் சுருக்கிவிடும் ருமாட்டிக் காய்ச்சல் வந்திருந்தது. நம் நாட்டிலும் ஏழைச் சிறுவர் சிறுமியரைப் பெரிதும் வாட்டியுள்ள நோய் அது. என் தமக்கைக்கும் பத்து வயதில் வந்தது. அந்தப் பெண்ணின் கழுத்து வரைபடத்தில் மேலறைக்குரிய அலை அடியோடு மறைந்திருந்தது. மேலறை முடங்கிவிட்டது என்று மெக்கன்சி கருதினார். அது முடங்கவில்லை. ஹார்வி கண்ட அதே நடுக்கத்தில் இருந்தது. ஆனால் நடுக்கத்தைக் காட்டும் ஆற்றல் அவர் கருவிக்கு இல்லை.

அதைக் காட்டும் கருவி ஹாலந்தில் பிறந்தது. மனித இதயத்தின் மின்னோட்டத்தை 1887இலேயே இலண்டனில் அகஸ்டஸ் வாலர் உடலைத் திறக்காமல் பதிவு செய்திருந்தார். ஜிம்மி என்னும் தம் வளர்ப்பு நாயை உப்புநீரில் கால் வைத்து நிற்கச் செய்து அவர் காட்சி நடத்தியதைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில்கூடக் கேள்வி எழுந்தது. இக்கருவி மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று தாம் எண்ணவில்லை என்று அந்த வாலரே 1911இல் சொன்னார். ஜாவாத் தீவின் செமராங் நகரில் 1860இல் பிறந்து, தந்தையை இழந்தபின் தாயோடு ஹாலந்துக்குத் திரும்பிய வில்லம் ஐந்தோவன் அவ்வாறு எண்ணவில்லை. காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய மெல்லிய படிக இழையைத் தொங்கவிட்டு, அதன் அசைவைப் படம்பிடிக்கும் கருவியை லெய்டன் நகரில் அவர் உருவாக்கினார். கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளியை அதனிடம் கொண்டுவருவது எளிதன்று என்பதால், மருத்துவமனைக்கும் தம் ஆய்வகத்துக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத்தின் அலைகளை 1905இல் வரவழைத்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மெக்கன்சியால் இத்துறைக்கு ஈர்க்கப்பட்ட தாமஸ் லூயிஸ் என்னும் இளைஞர் ஐந்தோவனின் கருவியைக் கையாண்டார். முழுதும் ஒழுங்கற்ற நாடியுடையோரின் வரைபடத்தில், பெரிய துடிப்புகளுக்கு நடுவே ஓயாத சிற்றலைகள் தெரிந்தன. நாயின் மேலறையை நடுங்கச்செய்து எடுத்த படத்திலும் அதே சிற்றலைகள் இருந்தன. 1909இல் அவர் முடிவை வெளியிட்டார். இந்நோயாளிகளின் மேலறை ஒன்றாகச் சுருங்குவதில்லை. அதன் இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிமிடத்துக்கு நானூறு, ஐந்நூறு முறை நடுங்குகின்றன. வாயிலில் நிற்கும் முடிச்சு அவற்றுள் சிலவற்றை மட்டும், எவ்வித ஒழுங்குமின்றி, கீழே அனுப்புகிறது. வியன்னாவில் ரோத்பெர்கரும் விண்டர்பெர்கும் அதே ஆண்டு அதே முடிவுக்கு வந்தனர்.

நோய் இன்னதென்று தெரிந்தது. மருந்து? சுரப்பதிகாரம் வேறொரு வழியாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

1912இல் காரெல் வென்கபாக் என்னும் ஹாலந்து நாட்டு இதய மருத்துவரிடம் அதே நாட்டு வணிகர் ஒருவர் வந்தார். கிழக்கிந்தியத் தீவுகளில் பல காலம் வாழ்ந்தவர். அவ்வப்போது தம் நாடி தாறுமாறாக ஓடுவதாகவும், ஒழுங்கையே விரும்பும் தமக்கு அது பெருந்தொல்லை என்றும் சொன்னார். வென்கபாக் சோதித்துப் பார்த்துவிட்டு, இதை நிறுத்தித் தரும் வாக்குறுதியைத் தம்மால் அளிக்க இயலாது என்றார். தமக்கே கைவந்த செயல் இதய வல்லுநர்களுக்குக் கைவராவிட்டால் வல்லுநர்கள் எதற்கு என்று வணிகர் கேட்டார். மறுநாள் காலை ஒழுங்கான நாடியோடு வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வாறே வந்தும் நின்றார். மலேரியாவுக்காகக் கையில் வைத்திருந்த கொய்னாவை ஒரு கிராம் விழுங்கினால் நாடி சீர்ப்படுவதைத் தற்செயலாகக் கண்டு, அவர் தமக்குத்தாமே மருத்துவம் செய்துவந்தார்.

கல்வியறிவுடைய பேராசிரியர் ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். கைவைத்தியம் என்று சிரித்து அனுப்பியிருக்கலாம். வென்கபாக் சிரிக்கவில்லை. வேறு நோயாளிகளுக்கும் கொய்னாவைக் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலோரிடம் பலிக்கவில்லை. ஆனாலும் 1914இல் வெளிவந்த தம் நூலில் அந்த வணிகரின் கதையையும், அது அவரிடமிருந்து தாம் கற்ற பாடம் என்பதையும் மறைக்காமல் எழுதினார். அதைப் படித்த மருத்துவர் வால்டர் ஃப்ரை, சிங்கோனா மரப்பட்டையில் உள்ள பிற சத்துகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கொய்னாவின் அதே அணுக்களைக் கொண்டு அமைப்பில் மட்டும் மாறுபட்ட குவினிடின் என்னும் சத்தே அனைத்திலும் வலியது என்று 1918இல் கண்டார்.

இந்தப் பட்டைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. பெரு நாட்டில் பணியாற்றிய இயேசு சபையினரே பதினேழாம் நூற்றாண்டில் இதனை உரோமைக்குக் கொண்டுவந்தனர். இயேசு சபையைச் சேர்ந்த கர்தினால் யுவான் தெ லூகோ உரோமை நகரின் ஏழைகளுக்கு இதனைத் தம் செலவில் வழங்கினார். 'இயேசு சபையினரின் தூள்' என்ற பெயரே பல நாடுகளில் பரவிற்று. அந்தப் பெயருக்காகவே இதனை ஐயுற்ற பிற சபையினரும் உண்டு. 1693இல் சீனப் பேரரசர் காங்ஷி காய்ச்சலில் கிடந்தபோது இயேசு சபைக் குருக்கள் கொடுத்துக் குணப்படுத்திய பட்டை, புதுச்சேரியிலிருந்து தோலு என்னும் குரு அனுப்பிவைத்தது. 1860களில் நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசு சிங்கோனாத் தோட்டங்களை அமைத்தது. நம் பாட்டன்மார் முகம் சுளித்து விழுங்கிய கொய்னா அத்தகைய மரங்களின் பட்டையிலிருந்து வந்ததுதான்.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மருத்துவர் தெ செனாக், இதயத்தைப் பற்றி 1749இல் எழுதிய நூலிலேயே, நெடுநாள் அடங்காத படபடப்பு சிங்கோனாப் பட்டையைச் சிறிது ரேவல்சின்னியோடு கொடுத்தபோது அடங்கியது என்று குறித்திருந்தார். அந்தக் குறிப்பு நூற்றறுபது ஆண்டுகள் நூலகத்தில் உறங்கிற்று. வணிகர் ஒருவர் வந்து எழுப்ப வேண்டியதாயிற்று.

குவினிடினின் கதை வெற்றியோடு முடியவில்லை. அதை உட்கொண்டவர்களுள் சிலர் திடீரென மயங்கி விழுந்தனர். சிலர் இறந்தும் போயினர். மேலறையை அடக்கும் மருந்தே சிலரின் கீழறைகளைக் கொடிய நடுக்கத்தில் தள்ளிவிடுகிறது என்பது 1964இல் தெளிவாயிற்று. ஆயினும் மருத்துவ உலகம் அந்த எச்சரிக்கையை முழுமையாக வாங்கிக்கொள்ளவில்லை என்றே சொல்லவேண்டும். மாரடைப்புக்குப் பிழைத்தவர்களிடம் கீழறையில் இடையிடையே வேண்டாத துடிப்புகள் தோன்றுவதுண்டு. அவர்கள் பின்னர் திடீரென இறப்பதும் உண்டு. அத்துடிப்புகளை அடக்கினால் இறப்பும் குறையும் என்பது எவருக்கும் இயல்பாகத் தோன்றும் வாதம். புதிய மருந்துகள் வரைபடத்தை அழகாகத் துடைத்துத் தந்தன. மருத்துவர்கள் நம்பிக்கையோடு எழுதிக்கொடுத்தனர்.

1987இல் அமெரிக்காவில் அந்த வாதத்தை உரைத்துப் பார்க்கும் பேராய்வு ஒன்று தொடங்கிற்று. சிலருக்கு மருந்தும், சிலருக்கு மருந்துபோல் தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்னும் இரு மருந்துகளைப் பற்றிய பகுதியை 1989இல் இடைநடுவே நிறுத்த நேர்ந்தது. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். துடைத்துவிட்ட வரைபடத்தோடு மனிதர்கள் இறந்தார்கள். மாரடைப்புக்கு ஆளாகாத, வேறு கோளாறில்லாத இதயங்களில் ஃபிளெகெய்னைடு பயனுள்ளதாக இருப்பதையும் இங்கே சொல்வதே நேர்மை. பிழை மருந்தில் மட்டும் இல்லை. காகிதத்தைக் குணப்படுத்தினால் ஆள் குணமடைவார் என்று எண்ணியதில் இருந்தது.

எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பர்ன்லி மருத்துவர் இதைத் தம் வழியில் சொல்லியிருந்தார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இடையே வரும் ஒற்றை அதிகத் துடிப்பையும், இளைஞரிடம் மூச்சோடு சேர்ந்து ஏறியிறங்கும் நாடியையும் இதய நோயென்று சொல்லிப் பிறர் படுக்கையில் கிடத்திவைத்த எத்தனையோ பேரை மெக்கன்சி எழுந்து நடமாடச் செய்தார். வரைபடத்தை மட்டும் பார்க்காமல் அதே நோயாளிகளைப் பத்தாண்டு, இருபதாண்டு தொடர்ந்து பார்த்ததே அவருடைய முறை. இதய நோயால் தாமே துன்புற்ற அவர் 1925இல் இறந்தார். தம் இதயத்தை எடுத்து ஆராயும்படி நண்பர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

பிற்காலக் கதை நன்கு தெரிந்ததே. மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கு உடலுக்குள் வைக்கும் தாளக்கருவி 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அவர் மனைவி எல்சே மரி மருத்துவரையும் பொறியாளரையும் விடாமல் நெருக்கியதே அதற்குக் காரணம். முதற்கருவி சில மணி நேரமே வேலை செய்தது. லார்சனோ இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி, தமக்கு அதைச் செய்தளித்த இருவரும் இறந்தபின்னும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில் வேறு நோயால் இறந்தார். மேலறை நடுக்கத்தைத் தூண்டும் பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருப்பதை, 45 நோயாளிகளிடம் ஆராய்ந்து பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இல் வெளியிட்டனர். அந்த இடங்களைச் சுட்டு அடக்கும் சிகிச்சை அதன்பின் உலகெங்கும் பரவியது. வந்து மறையும் கோளாறைப் பிடிக்க நாள்முழுதும் உடலோடு அணியும் கருவியும் வந்துவிட்டது. அதன் முன்னோடியை நார்மன் ஹோல்டர் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் 1940களின் இறுதியில் முதுகில் சுமந்தபோது அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ.

அத்தகைய கருவி எதுவும் அக்காவின் வாழ்வில் அப்போது வரவில்லை. எங்கள் ஊரில் கன்னியர் நடத்திய சிறு மருந்தகம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு பூசை முடியும் நேரத்தில் புறா மறுபடியும் சிறகடித்தது. அக்கா கோவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த செவிலிச் சகோதரி, மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று, என்னம்மா செய்கிறது என்று கேட்டார். அக்கா தயங்கித் தயங்கிப் புறாவைச் சொன்னார். சகோதரி ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு நிமிடம் எண்ணினார். பிறகு மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினார். நெஞ்சில் 148, மணிக்கட்டில் 104. மேலறை நடுங்கும்போது சில துடிப்புகள் வலுவின்றி மணிக்கட்டை எட்டாமலே போகும் என்பதை அவர் எங்கோ படித்து நினைவில் வைத்திருந்தார். மருந்துச் சீட்டின் பின்புறம் நாளையும் நேரத்தையும் இரண்டு எண்களையும் எழுதி, புறா என்ற சொல்லையும் அப்படியே எழுதி, அக்காவின் கையில் கொடுத்தார்.

வேறொரு மருத்துவமனையில் வேறொரு மருத்துவர் அந்தச் சீட்டை முதலில் படித்தார். இ.சி.ஜி. அன்றும் ஒழுங்காகவே இருந்தது. அவர் நெஞ்சில் நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டு, சுருங்கிப்போன வால்வைக் கண்டுபிடித்தார். நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும் என்று எங்களுக்கு விளக்கினார். வால்வு நோயோடு இந்த நடுக்கமும் சேர்ந்தால் அந்த ஆபத்து பதினேழு மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த நெடிய ஆய்வு 1978இல் கணக்கிட்டிருந்ததை நான் பின்னரே அறிந்தேன். மனக்கவலை என்று மடித்துத் தரப்பட்ட அந்தப் பழைய படத்துக்கும் இந்தச் சீட்டுக்கும் இடையே அக்கா நான்கு ஆண்டுகள் எந்த மருந்துமின்றி நடமாடியிருந்தார்.

இப்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தினமும் ஒன்று. மாதந்தோறும் சோதனைக்கு அதே பேருந்தில் நகரத்துக்குப் போகிறார். புறப்படுமுன் திண்ணையில் அமர்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி தம் மணிக்கட்டைத் தாமே பிடித்து எண்ணி, ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொள்கிறார்.